பால் டின்னில் கேட்ட ஆங்கிலம்

மலாயாவின் அவசரகாலத்தில் தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் பால் டின்னில் இருந்த ஓட்டையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் எந்த டின்னை வாங்கினாலும் சரி, மீன் டின்னோ பால் டின்னோ, சீனக் கடைக்காரத் தவுக்கே அதன் தலையில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டித்தான் கையில் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுப்போகும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராது. அதுதான் சட்டம். போன மாதம் நாம் கூடிச் சாப்பிட்டபோது உங்களில் ஒருவர் இரண்டு ஓட்டை என்று சாதித்தீர்கள். கடைக்காரர் போட்டது ஒன்று. இரண்டாவதை வீட்டில் அம்மாமார்கள் போட்டார்கள், பால் ஊற்றுவதற்கு. இதையெல்லாம் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த ஒற்றை ஓட்டையை வைத்துத்தான் என் அக்கா ஆங்கிலம் படித்தாள்.

எங்கள் தோட்டம் ஜாசினிலிருந்து ஒன்பது மைல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி இருநூற்றுப் பதினான்கு கம்பங்களில் முள்கம்பி வேலி. மாலை ஏழு மணிக்குக் கேட்டை அடைத்தால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது. அதற்கு முன்பு கணக்கெழுதும் கிராணி, தோட்ட ஆஸ்பத்திரியைப் பார்க்கும் டிரெஸர் வீடுகள் எல்லாம் மேட்டில் தனியாக இருந்தன. பாதுகாப்புக்காக அவர்களையும் கொண்டுவந்து எங்களோடு ஒரே வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். வேலி ஒன்றானதே தவிர வேறெதுவும் ஒன்றாகவில்லை. லயத்துக்காரர்கள் ஸ்டாஃப் வீட்டுக்குப் போனால் பின்வாசலில் நின்று பேச வேண்டும். ஸ்டாஃப் வீட்டார் லயத்துக்குள் வரமாட்டார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

எங்களுடையது லயத்தின் தொங்கல் வீடு, கடைசி வீடு. எங்கள் அடுப்படிச் சன்னலுக்கு நேர் எதிரே டிரெஸர் வீட்டுப் பின்சன்னல். அன்றைய என் காலுக்கு நாற்பத்திரண்டு காலடி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அம்மாவும் அக்காவும் ரப்பர்ப் பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அக்காவுக்குப் பதினேழு வயது. நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும் உடம்பு. விடியற்காலைப் பனியில் மரவரிசையான நிறைக்குப் போய் வந்தால் இரவு வரை இருமுவாள். ஒருநாள் நான் எண்ணினேன். அறுபத்தொன்று. அம்மா எண்ண வேண்டாம் என்று திட்டினார்.

அந்த வருடம்தான் தோட்ட ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் வந்தது. சடக்கில், அதாவது பெரிய சாலையில், லாரிகள் சுடப்பட்டுக்கொண்டிருந்த காலம். காயம்பட்டவர்களைப் பற்றி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஏற்பாடு செய்தார். டிரெஸருக்கு இரண்டு தோட்டம். பாதி நாள் ஆஸ்பத்திரியில் இருக்கமாட்டார். ஆகவே டெலிபோனை எடுத்துப் பேச, சொன்னதை எழுதிக்கொள்ள, கட்டுப்போட ஒரு பெண் தேவை. அவளை மலாக்கா ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸான மேட்ரன் டெலிபோனிலேயே கூப்பிட்டுச் சோதிப்பார், ஆங்கிலத்தில். தேறினால் வேலை. பனியில்லாத வேலை, தலைக்குமேல் கூரையுள்ள வேலை.

தமிழ்ப்பள்ளி வாத்தியார் புண்ணியத்தில் அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும். பேசத்தான் வராது.

டிரெஸரின் மனைவி, டிரெஸரம்மா, யாழ்ப்பாணத்தவர். கல்யாணத்துக்கு முன் மலாக்கா டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எங்கள் லயத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. சன்னல் கம்பிவலைக்குப் பின்னால் நின்று பார்ப்பார், சிரிக்கமாட்டார். "அந்தம்மாவுக்கு மெதப்பு" என்று அம்மா சொல்வார். நானும் அப்படியே நம்பினேன்.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் பின்வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். டிரெஸரம்மா கதவைத் திறக்கவில்லை. வலைக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"உங்கட வீட்டில வெறும் பால் டின் இருக்கே?"

"இருக்குங்கம்மா."

"ஒரு ஓட்டை மட்டும் போட்ட டின். ரெண்டு ஓட்டை வேண்டாம். ரெண்டு டின் கொண்டுவாரும்."

அதோடு உள்ளே போய்விட்டார். "டின் கேக்கறாங்கலா, எதுக்காம்?" என்று நான் கேட்டேன். "தெரியலடா, பூச்செடி வைப்பாங்களா இருக்கும்" என்றாள் அக்கா. முகம் விழுந்துவிட்டது.

அம்மா இரண்டாவது ஓட்டை போடாமல், அடித்தட்டை வெட்டிப் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு இரண்டு டின் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே. உம்பாய்க் கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே விற்பவரிடம் டிரெஸரம்மா தூண்டில் நூல் சொல்லி வைத்திருந்தார். அந்த நூலுக்கு மெழுகுவர்த்தி தேய்த்து, தவுக்கே போட்ட ஓட்டையில் நுழைத்து, உள்ளே ஒரு தீக்குச்சியில் முடிந்து, அவர் சன்னலிலிருந்து எங்கள் சன்னலுக்கு இழுத்துக் கட்டியாயிற்று. நூல் எதையும் தொடக்கூடாது. விறைப்பாக நிற்க வேண்டும்.

முதலில் டின்னைக் காதில் வைத்தது நான்தான். உள்ளே பழைய பால் வாசனை. பிறகு, நூலில் ஈ ஊர்வதுபோல் ஒரு சத்தம். பிறகு டிரெஸரம்மாவின் குரல், என் காதுக்குள்ளேயே, ஆங்கிலத்தில்: யார் பேசுவது? நான் டின்னைக் கீழே போட்டுவிட்டேன்.

நூல் கட்டிய நாளிலிருந்து சோதனைக்கு ஐம்பத்தாறு நாள் இருந்தது. தினமும் மூன்றரையிலிருந்து நாலரை வரை பாடம். டிரெஸர் மற்றத் தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரம்.

பின்வாசலில் வைத்தே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நான் வெகுநாள் நினைத்ததுண்டு. அக்காவும் ஒருமுறை கேட்டாள். அதற்கு அவர் சொன்னார்: "நேரில எண்டால் நீர் என்ர முகத்தைப் பார்த்தே பாதி விளங்கிப்போடுவீர். கையைக் காட்டுவீர், தலையாட்டுவீர். போனில முகம் இல்லை, கை இல்லை. குரல் மட்டும்தான். அதைப் பழகோணும்." ஐம்பது வருடம் கழித்து நானும் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளைப் பார்த்துவிட்டேன், எத்தனையோ கருவிகளை வைத்துக்கொண்டு. இவ்வளவு தெளிவாக யாரும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் வேறு சில சாமான்களும் வைத்திருந்தார். இரண்டு தேநீர்த் தட்டுகள். இரண்டிலும் ஒரே மாதிரி இருபது பொருள்: கட்டுத்துணிச் சுருள், பஞ்சு, காலி மருந்துப் போத்தல், கத்தரிக்கோல், கரண்டி, இப்படி. ஒன்று அவரிடம், ஒன்று எங்களிடம். டின்னில் அவர் ஆங்கிலத்தில் சொல்வார்: போத்தலைக் கத்தரிக்கோலுக்கு இடப்பக்கம் வை, பஞ்சை இரண்டாகப் பிரித்து மேலே வை. அக்கா கேட்டுக் கேட்டு அடுக்குவாள். பிறகு நான் எங்கள் தட்டைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு காலடி நடந்து, அவர் சன்னல் திண்டில் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். ஒற்றுமை எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. முதல் நாள் இருபதில் ஆறு. முப்பத்தோராம் நாள் இருபதும்.

கைக்கண்ணாடி ஒன்றையும் என்னிடம் கொடுத்தனுப்பினார். மேல் பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதும் ஒலி தமிழில் இல்லை. கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் பழக வேண்டும். அக்கா அடுப்படியில் கண்ணாடியைப் பார்த்து ஊதிக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு அம்மாவிடம் போய், "ஒம் மவளுக்குக் காத்து கருப்பு பட்டிருக்கு, ஜாசின் கோயில்ல மந்திரிச்சிட்டு வா" என்றார். அதே பெரியம்மாதான் ஒருநாள் நூலில் ஈரக் கைலியைக் காயப்போட்டு டெலிபோனை ஊமையாக்கியவர்.

"பெரிம்மா, துணிய எடுங்க, பேச முடியல."

"கவுத்துல பேசறாளாம். நான் கவுத்துல துணிதான் காயப்போடுவேன். என்னா படிப்புலா இது."

சொன்னாரே தவிர, எடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து யார் துணி போட்டாலும் அவரே போய்த் திட்டினார்.

நாற்பதாவது நாள் அக்காவின் நோட்டில் முந்நூற்றுப் பதினெட்டு வார்த்தைகள் இருந்தன. பக்கத்திலேயே இருந்து கேட்டதில் எனக்கும் பாதி வந்துவிட்டது. அன்றைய தினத்தைப் பற்றித்தான் நான் இத்தனை வருடம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

டிரெஸரம்மா கடைசி இரண்டு வாரமாக அக்காவுக்கு முழுச் செய்திகளைச் சொல்லிப் பழக்கினார். அக்கா கேட்டதை எழுதி, திருப்பிப் படிக்க வேண்டும். எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். எதற்காக அந்த டெலிபோன் வந்ததோ அதற்கேற்ற செய்திகள்தான். அன்று மூன்றேமுக்காலுக்குச் சன்னலில் நான் டின்னோடு நின்றேன். அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வேலியைச் சோதிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், துரையோடும் மலாய்க்காரக் காவலர்கள் நால்வரோடும் லயத்துப் பக்கம் வந்தார். நூலைப் பார்த்தார். நூலோடு கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து என் டின்னில் நிறுத்தினார். குனிந்து ஆங்கிலத்தில், "இதில் என்ன பேசுகிறாய், தம்பி?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கியது. ஒரு வெள்ளைக்காரர் கேட்டது எனக்கு நேராக விளங்கியது அதுவே முதல் தடவை. பெருமை தாங்கவில்லை. நன்றாகப் பாடமாகியிருந்த செய்தியை நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்: மூன்று பேர். இருவருக்குக் குண்டுக்காயம். ஆற்றங்கரைப் பக்கம். மூன்றாம் மைலில் சடக்கு அடைபட்டிருக்கிறது. இருட்டுவதற்குள் ஆள் அனுப்புங்கள்.

ஒரு சொல்கூடத் தவறவில்லை. அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தகவல் போகும் கம்பி என்று நினைத்துவிட்டார்.

காவலர்கள் எங்கள் வீட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். அரிசி டின், துணிப்பெட்டி, அப்பாவின் படம் எல்லாம் வாசலுக்கு வந்தன. நூலை அறுத்துச் சுருட்டி, இரண்டு டின்னையும் ஜீப்பில் எடுத்துப் போனார்கள். அக்காவையும் டிரெஸரையும் ஆபீசில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து விசாரித்தார்கள். கடைசியில் உண்மை விளங்கியது. அதிகாரி சிரித்ததாகக்கூடக் கேள்வி. துரை சிரிக்கவில்லை. லயத்துக்கும் ஸ்டாஃப் வீட்டுக்கும் நடுவே என்ன பேச்சு என்பதுதான் அவர் கோபம். இனி அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தால் டிரெஸர் மூட்டை கட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னை அடிக்கவில்லை. பாயில் சுருண்டு படுத்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லடா. ஒரு தப்பு விட்டிருந்தாக்கூட சும்மா ஒளறுதுன்னு போயிருப்பாங்க."

அதற்குப் பிறகு நான்கு நாள் விடியற்காலையில் நிறைக்குப் போனாள், இருமிக்கொண்டே வந்தாள். நோட்டைத் திறக்கவில்லை. "போனாப் போகுது, பால்மரம் எங்க போகப்போவுது" என்று அம்மா சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அது ஆறுதலாக இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள் நல்ல மழை. மூன்றரை மணி. வாசலில் யாரோ குடையை மடக்கும் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். டிரெஸரம்மா நின்றார். சேலைக் கரையெல்லாம் செம்மண். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, "உள்ளுக்கு வரலாமே?" என்று கேட்டார்.

எங்கள் லயத்துக்குள் ஸ்டாஃப் வீட்டு அம்மா ஒருவர் காலெடுத்து வைத்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டில் நாற்காலி கிடையாது. ரப்பர்ப்பால் நாறும் வேலைத்துணிகளைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு, அம்மா மண்ணெண்ணெய்ப் பெட்டியைத் துடைத்துப் போட்டார்.

"தொரை பேசினாருங்களே, அம்மா. ஒங்க வீட்டு ஐயா வேலைக்கு..."

"அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. இன்னும் பதினொரு நாள் இருக்கு. பிள்ளை எங்க?"

பெட்டியில் உட்கார்ந்தவர் அக்காவைப் பின்னால் தரையில் உட்காரச் சொன்னார். "எனக்கு முதுகைக் காட்டி இரும். திரும்பக் கூடாது. கையை மடியில வையும்." இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. "இந்த இரைச்சல் நல்லது" என்றார் டிரெஸரம்மா. "மலாக்கா லைனும் இப்படித்தான் இரையும்." பிறகு ஆங்கிலத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு: யார் பேசுவது?

டின்னும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் டெலிபோன் இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "சண்டக்காரவங்க மாதிரி உக்காந்துக்கிட்டு என்னமா கொஞ்சிக்கறாங்க பாரு."

நாலரைக்கு டிரெஸர் வந்தார். உள்ளே வரவில்லை. மழையில் தொப்பியோடு நின்றார். "என்ர உத்தியோகம் போனால் நீர்தான் பதில் சொல்லோணும்" என்றார். பயந்த மனிதரின் குரல் அது. அன்று நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

"ஓம், சொல்லுறன்" என்றார் டிரெஸரம்மா. குடையை விரித்து அவருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

பதினொரு நாளில் பத்து நாள் வந்தார். ஒருநாள் காய்ச்சல். கிராணி வீட்டு அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தாறு வீடு, ஒரு வீட்டிலிருந்தும் துரை காதுக்குப் போகவில்லை. கைலி காயப்போட்ட பெரியம்மா தினமும் மூன்றரைக்கு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து சடக்கைப் பார்த்துக்கொண்டே அரிசி புடைத்தார். திரும்பத் திரும்ப அதே அரிசி.

சோதனை நாளன்று துரை ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றுகொண்டார். டிரெஸர் ஓர் ஓரத்தில் கைகட்டி நின்றார். நானும் அம்மாவும் சன்னலுக்கு வெளியே. டெலிபோன் மணி ஐந்து தடவை அடித்ததும் அக்கா எடுத்தாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு துரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அதன்பின் குரல் நேரானது.

மேட்ரன் ஒரு செய்தி சொன்னார். அக்கா எழுதி, திருப்பிப் படித்தாள். இன்னொன்று. ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். ஆங்கிலத்தில், "அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தயவுசெய்து வேறு விதமாகச் சொல்லுங்கள்" என்றாள். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவள்தான் அந்த வேலைக்கு வேண்டியவள் என்பது பெரியவனான பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. நான் ஒன்பது வரை எண்ணினேன். பிறகு அக்கா சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி, ஆங்கிலத்தில்: "டிரெஸரின் மனைவிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார், மேடம். எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்தார்."

டிரெஸர் கண்ணை மூடிக்கொண்டார். துரை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அக்கா ரிசீவரைத் துரையிடம் நீட்டினாள். மேட்ரன் அவரோடு பேச வேண்டுமாம். துரை கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று தடவை "யெஸ்" என்றார். ரிசீவரை வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பெண் வரட்டும் என்று டிரெஸரிடம் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். டிரெஸர் மூட்டை கட்டுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நல்ல மனசு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெலிபோனை எடுக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மா அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு டிரெஸர் வீட்டுக்குப் போனார். பழக்கத்தில் என் கால் பின்வாசலுக்குத் திரும்பியது. அம்மா என் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். நான்கு படி. அம்மா ஏறிக் கதவைத் தட்டினார்.

டிரெஸரம்மாதான் திறந்தார். ஒரு நொடி திகைத்தார். பிறகு, "வாங்கோ, இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை.

"ஒங்களுக்கு மெதப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும். சன்னல் பக்கம்தானே. கேக்கும்." டிரெஸரம்மா சிரித்தார். அவர் பல்வரிசையை நான் அன்றுதான் பார்த்தேன். "மகளுக்கு வேலை கிடைச்சது சந்தோசம்தானே?"

"சந்தோசந்தான். ஆனா..." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "இனி இவ பகலெல்லாம் அந்த போனுகிட்டதான் இருப்பா. நான் வேலைக்காட்டுல இருப்பேன். ஆபீசுல ஒரு போன் இருக்கு. ஏதாச்சும் அவசரம்னா எனக்கு அதுல ஒரு வார்த்த பேசத் தெரியணுமில்ல. அதுக்கு எத்தன நாளுங்கம்மா ஆகும்?"

அறைக்குள்ளிருந்து டிரெஸர் இருமினார். டிரெஸரம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு மூண்டரைக்கு வாங்கோ" என்றார். "இந்த வாசலாலேயே வாங்கோ."

மறுநாள் அம்மா ரப்பர்ப்பால் வாடை போக இரண்டு தடவை சவுக்காரம் போட்டுக் குளித்தார். திருவிழாவுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், லயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து போனார். நான் அந்த ஒரு நாள் காலடிகளை எண்ணவில்லை.